நிவாரணத் தெரு

ஜெர்மனியின் வெல்லிங்ஹோர்ஸ்ட் நகரில் 1932ஆம் ஆண்டு பங்குனி மாதம் போடத் தொடங்கிய தெரு இன்னும் தானாகவே நீண்டுகொண்டிருக்கிறது. ஆளில்லை, மண்வெட்டியில்லை, கல் ஏற்றிவரும் வண்டியுமில்லை. விடிந்து பார்த்தால் முந்தின நாள் புல் இருந்த இடத்தில் கருங்கல் பதிந்திருக்கும். இடுக்குகளில் மணல் நிரப்பி, தட்டிச் சமப்படுத்தியும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெருநாட்களிலும் வேலை நடப்பதில்லை. நகரத்தில் வேலை இழந்தவர்கள் கூடினால் தெரு வேகமாக நீளும், குறைந்தால் மெதுவாகும். ஐம்பதுகளின் கடைசியில் எல்லோருக்கும் வேலை இருந்தபோது அது அடியோடு நின்றுவிட, நுனியில் யாரோ ஒரு ரோசாச் செடி நட்டார்கள். எழுபதுகளில் பஞ்சாலை மூடப்பட்டது. செடியைச் சுற்றிக் கல் ஏறியது. அதற்குப் பிறகு தெரு ஒரு பன்றிக் கொட்டிலுக்குள்ளும் ஒரு பந்துருட்டி விளையாடும் மண்டபத்துக்குள்ளும் நுழைந்து வெளியேறியிருக்கிறது. இரண்டின் சொந்தக்காரர்களும் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

தெரு தொடங்கிய 1932, உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்ட காலம். நகரத்து ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு வேலையில்லை. நகரசபை கூடி, வேலையற்றவர்களைக் கொண்டு சதுப்பு நிலத்தை நோக்கி நேராக ஒரு தெரு போடுவதென்று முடிவெடுத்தது. சதுப்பு நிலத்தில் யாருக்கும் ஓர் அலுவலும் இல்லை. வேலை கொடுப்பதுதான் அலுவல். நகரத்தில் வேலையற்ற ஒருவர் இருக்கும்வரை தெரு நேர்கோட்டில் தொடரும் என்று தீர்மானத்தில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஆட்சியைப் பிடித்தவர்கள் தாங்கள் தொடங்காத தெருவில் தங்கள் பலகையை அறைந்து, தாங்களே போட்டதாக மார்தட்டினார்கள். விரும்பி வந்தவர்களைக் கட்டாயத்துக்கு வரவைத்து, தோளில் மண்வெட்டியோடு அணிவகுக்கச் செய்தார்கள். போர் வந்ததும் கைதிகள் கல் சுமந்தார்கள். அந்தக் காலத்துத் துண்டு மட்டும் ஆடி மாதத்து வெயிலிலும் காய்வதில்லை. அதில் நடப்பவர்கள் தங்களை அறியாமலே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். போர் முடிந்தபின் பலகையைக் கழற்றியவர்கள் தீர்மானத்தை ரத்துச் செய்ய மறந்துபோனார்கள். ஜெர்மனியில் ரத்துச் செய்யாத தீர்மானம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டேயிருக்கும் என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்க முடியாது.

கல் பதியும் இரவுகளில் வேலையற்றவர்கள் வீட்டில்தான் படுத்திருக்கிறார்கள். ஆனால் காலையில் எழும்பும்போது அவர்களுடைய உள்ளங்கைகள் கொப்பளித்திருக்கும். முதுகு வலிக்கும். நல்ல பசியெடுக்கும். இதுதான் நகரத்தின் ஓயாத சண்டைக்குக் காரணம். ஒவ்வொரு மாசி மாதமும் தீயணைப்புப் படையின் மண்டபத்தில் கூட்டம் கூடி, அந்தக் காலத்து நிவாரணத்தால் விளைந்தது நன்மையா தீமையா என்று வாதாடுவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ப்ரிங்க்மான், மனிதனுக்குச் சோற்றோடு மரியாதையும் வேண்டும், இந்தத் தெரு இரண்டையும் கொடுத்தது, வேலை போனதென்று இந்த நகரத்தில் யாரும் குடித்துச் சாகவில்லை என்பார். பொருளாதார வரலாறு படிப்பிக்கும் முனைவர் லேனர்ட் அம்மையார் அதற்கு மசியமாட்டார். தெரு போட்டதால் வேலையின்மை தீரவில்லை, ஆயுதத் தொழிற்சாலைகளால்தான் தீர்ந்தது, அதே காலத்தில் அமெரிக்காவில் நிவாரண வேலையாக அணை கட்டியதைப் பற்றியும் இதே சண்டைதான் நடக்கிறது என்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மண்டபத்தை அமைதியாக்கும் வாக்கியத்தைச் சொல்வார்: களைத்துப்போனவன் கேள்வி கேட்கமாட்டான், அந்தக் களைப்பைத்தான் அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்தவர்கள் ஆயத்தமாகப் பெற்றுக்கொண்டார்கள். இருவரும் சொல்வது சரிபோலவே இருப்பதால் கூட்டம் ஆண்டுதோறும் முடிவில்லாமல் கலைந்தது.

நித்தியானந்தன் யாழ்ப்பாணத்திலிருந்து 1985இல் இந்த நகரத்துக்கு வந்தவர். அகதி விண்ணப்பம் முடியும்வரை அவருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. விடுதியில் சும்மா இருக்கக்கூடாதென்று பூங்காவில் இலை கூட்டவிட்டு, மணிக்கு இரண்டு மார்க் கொடுத்தார்கள். விளக்குமாறு பிடித்த கை காய்த்தது உண்மை. ஆனால் தெரு தரும் கொப்பளம் ஒரு நாளும் வரவில்லை. பக்கத்து வீடுகளில் வேலை போன ஜெர்மன்காரர்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு காலைச் சாப்பாட்டை ஒரு வெட்டு வெட்டுவதை அவர் சன்னலால் பார்த்திருக்கிறார். அவரும் வேலையற்றவர்தான், ஆனால் தெருவின் கணக்கில் அவர் இந்த நகரத்து ஆள் இல்லை. அந்தக் காயம் அவருக்கு ஆறவே இல்லை. பின்னாளில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, சந்திரகாந்தியைக் கலியாணம் முடித்து, தெருவின் நுனிக்கு நேரே, தூரத்தில், மலிவாகக் கிடைத்த காணியில் வீடு கட்டினார். தெரு வந்தால் நட்டஈடு கிடையாது என்ற பத்திரத்தில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அது இங்கே வந்துசேர நூறு வருடம் ஆகும் என்பது அவருடைய எண்ணம்.

மகன் நிருஜன் அந்த வீட்டில்தான் வளர்ந்தான். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து, அங்கேயே நிரந்தரமானான். போன ஆண்டு அந்தத் தொழிற்சாலை பாதி ஆட்களை நிறுத்தியதும் தெரு பாயத் தொடங்கியது. வைகாசியில் தெரிந்த புல்வெளி ஆவணியில் இல்லை. ஐப்பசியில் கல் வேலிக்கு வந்துவிட்டது. இருபத்தைந்து வருடத்துப் பாண் வாசமும் சந்திரகாந்தியின் முதுகுவலியும்தான் அந்த வீடு. பழைய தீர்மானத்தை ரத்துச் செய்யவேண்டுமென்று நித்தியானந்தன் நகரசபைக்கு எழுதிக் கொடுத்தார். சபை சரிபாதியாகப் பிரிந்து நின்றதால், வீட்டுக்காரர் நேரில் வந்து சொல்வதையே முடிவாக ஏற்பது என்று ஒப்புக்கொண்டார்கள். லேனர்ட் தாமே வீட்டுக்கு வந்து, என்னென்ன பேசவேண்டுமென்று எழுதித் தந்துவிட்டுப் போனார். வேலை போனவர்கள் பாவம் என்று சந்திரகாந்தி சொன்னபோது நித்தியானந்தனுக்குக் கோபம் வந்தது.

“எங்களை ஒரு நாளும் கணக்கெடுக்காத றோட்டு. இப்ப என்ர வீட்டை இடிச்சுக்கொண்டு போக நான் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?” என்றார்.

சந்திரகாந்திக்கு வேறு கவலை இருந்தது. கோடை முழுதும் நிருஜன் சாப்பிடவில்லை, உறங்கவுமில்லை. கன்னம் ஒட்டிப்போய், கேட்டால் வெறுமனே சிரித்தான். ஒருநாள் அவனுடைய சட்டையைத் தோய்க்க எடுத்தவள் அது தொளதொளவென்று போயிருப்பதைப் பார்த்துச் சமையலறையிலேயே இருந்து அழுதாள். பக்கத்து ஹம் நகரத்துக் கோயில் அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். ஐப்பசியில் பிள்ளை திடீரென்று சோறு கேட்கத் தொடங்கினான், படுத்ததும் உறங்கினான். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று அவள் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னாள். நித்தியானந்தனும் நிம்மதியானார். ஒரு விசயம் மட்டும் அவருக்கு உறுத்தியது. மகன் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டான். பள்ளிக்கூட நாளில்கூட வீட்டில் கரண்டி தொடாதவன்.

நகரசபைக் கூட்டத்துக்கு முதல் நாள் மாலை, சோறும் கணவாய்மீன் கறியும். நிருஜன் கரண்டியை எடுத்தான்.

“ஏனடா தம்பி, கையாலை சாப்பிடன்.”

“சும்மாதான் அப்பா.”

“கையைக் காட்டு.”

அவன் காட்டவில்லை. நித்தியானந்தன் மேசைக்கு மேலால் எட்டி அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கை முழுதும் கொப்பளம். சிலது உடைந்து சிவந்திருந்தது. மிளகாய்த்தூள் பட்டால் உயிர் போகும். சந்திரகாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நகரத்தில் இருந்த யாருக்கும் அந்தக் கைக்கு விளக்கம் தேவையில்லை.

“எப்ப தொடக்கம்?”

“ஒக்டோபர். கடிதம் ஜூனிலையே தந்திட்டினம், செப்டெம்பரோடை வேலை முடிஞ்சுது.”

“அப்ப ஒவ்வொரு நாளும் வேலைக்கு எண்டு எங்கையடா போறனீ?”

“ஹம் ஸ்டேஷனிலை இருந்திட்டு வாறனான். நீங்கள் கோயிலிலை எல்லாருக்கும் சொன்னனீங்கள், உங்கட மகனை நிப்பாட்டேல்லை எண்டு. எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சுது.”

கோயில் வாசலில் நின்று தான் பெருமையடித்த ஒவ்வொரு தரமும் நித்தியானந்தனுக்கு நினைவு வந்து, வெட்கத்தில் காது சுட்டது.

“கடிதம் வந்த நாளிலை இருந்து கண்ணை மூடினால் தண்டவாளம்தான் அப்பா தெரிஞ்சது,” என்றான் நிருஜன், சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி. “பிறகு ஒரு நாள் காலமை எழும்பினன், கை நொந்தது. பசிச்சது. நான் ஏதோ செய்து முடிச்ச மாதிரி இருந்தது. இப்ப நித்திரை வருது. வீட்டை நினைச்சால் அழுகையும் வருது.”

சந்திரகாந்தி எழும்பிப் போய் மகன் பக்கத்தில் இருந்து, சோற்றைக் குழைத்து, உருட்டி, அவனுடைய வாயில் வைத்தாள். இருபத்தாறு வயதுப் பிள்ளை வாங்கிச் சாப்பிட்டான். நித்தியானந்தன் முற்றத்தில் இறங்கி, வேலிக்குள் ஏறியிருந்த கற்களைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். அதில் எந்தக் கல் தன் பிள்ளையுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரேமாதிரி நேர்த்தியாகப் பதிந்திருந்தன.

மறுநாள் நகரசபையில் இடம் போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். நித்தியானந்தன் லேனர்ட் எழுதித் தந்ததைப் பையிலிருந்து எடுக்கவில்லை. இலக்கணம் பார்க்காத தன் ஜெர்மன் மொழியில் பேசினார். லேனர்ட் அம்மா சொல்வது உண்மை, களைத்தவன் கேள்வி கேட்பதில்லை, இரண்டு மார்க்குக்கு இலை கூட்டிய நாட்களில் நானும் ஒன்றும் கேட்கவில்லை என்றார். கைதிகள் கல் சுமந்த அந்த ஈரத் துண்டில் நடக்கும்போது எனக்கும் பயமாக இருக்கிறது, அதை யாரும் மறக்கக்கூடாது என்றார். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு, என் மகனுக்கு வேலை போய்விட்டது என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார். அதைச் சொல்வதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. என்னைச் சேர்க்காத தெரு அவனைச் சேர்த்திருக்கிறது, அவன் சாப்பிடுகிறான், உறங்குகிறான், அவன் களைத்துக் கேள்வி கேட்காமல் போனால் அவனுக்காக நான் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள், அதற்காகத்தானே இத்தனை பேர் இருக்கிறோம், தெரு வரட்டும், விடுங்கள் என்றார். கைதட்டல் எதுவும் இல்லை. சபைத் தலைவர் அடுத்த விடயமான குப்பைத் தொட்டிகளுக்குப் போனார்.

மார்கழியில் தெரு வாசற்படியின் கீழால் நுழைந்தது. நித்தியானந்தனும் நிருஜனும் முதலே சாப்பாட்டு மேசையை ஆளுக்கொரு பக்கம் தூக்கி ஒதுக்கி, தொலைக்காட்சியையும் நகர்த்தி வழிவிட்டிருந்தார்கள். கல் கூடத்தின் நடுவால் நேராகப் போய், பின்கதவால் வெளியேறித் தோட்டத்தில் இறங்கியது. சமையலறையும் சாமியறையும் தெருவின் இடப்பக்கம், இருக்கையும் மாடிப்படியும் வலப்பக்கம். பொதுத் தெருவாகையால் யாரையும் மறிக்க முடியாது. ஆனால் சாமியறை இருக்கும் வீடென்பதால் சந்திரகாந்தி வாசலில் ஒரு செருப்புத் தட்டு வைத்தாள். நகரத்தவர்கள் அதைப் புரிந்துகொண்டு, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கூடத்தைக் கடந்து, பின்பக்கம் போட்டுக்கொள்ளப் பழகினார்கள்.

முதன்முதலில் அப்படிக் கடந்தவர் லேனர்ட். ஒரு சனிக்கிழமை காலை சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலில் நின்று, தான் சொன்னதிலிருந்து ஓர் எழுத்தும் மாறவில்லை, இதை நிறுத்தத்தான் வேண்டும் என்றார். அதுவும் சரிதான் என்று நித்தியானந்தன் ஒப்புக்கொண்டு, பின்கதவைத் திறந்து பிடித்தார். சந்திரகாந்தி உதட்டில் விரலை வைத்து மாடியைக் காட்டினாள். நிருஜன் இன்னும் எழும்பவில்லை. லேனர்ட் தலையசைத்து, சப்பாத்துகளைச் சைக்கிளின் கூடையில் வைத்து, சில்லு கல்லில் தட்டாதபடி சைக்கிளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, காலுறையோடு மெதுவாக நடந்து போனார்.