விலகிய தேதி

கிணி சர்வதேச வடிவமைப்புக் குழுமத்துக்கு உடுப்பியில் ஓர் அறை இருந்தது. கீழே பை என்பவரின் ஹோட்டல், மேலே குழுமம். மாலையில் கோளிபஜே போண்டா எண்ணெயில் விழுகிற சத்தம் குழுமத்தின் பன்னாட்டு விவகாரங்களுக்கு நடுவே துல்லியமாகக் கேட்கும். நிறுவனர், தலைவர், முதன்மை ஆலோசகர் என்று மூன்று பதவிகளையும் ராமதாச கிணி ஒருவரே சுமந்தார். வீட்டு வரைபடங்களை உண்மையில் வரைந்தவள் ஜலஜா சாலியான். ஆட்கள் அவ்வளவுதான்.

இணையதளத்தில் மட்டும் இவர்கள் போக இன்னும் இருபத்துநாலு பேர். எல்லாரும் ஒரே மெரூன் டை கட்டியிருந்தார்கள். ‘மூத்த கட்டமைப்புப் பொறியாளர்’ பையின் ஹோட்டலில் தோசை வார்ப்பவர். ‘வளைகுடா நாடுகளின் பொறுப்பாளர்’ அந்தத் தெருவின் தபால்காரர். டை இல்லாமல் சிரித்தவன் ஒருவன்தான்: ‘சுகேஷ் கிணி, இயக்குநர்.’ மெய்யாகவே கட்டடக்கலை படித்தவன், கிணியின் ஒரே மகன். ஒன்பது வருஷமாகத் துபாயில் வேறு யாரிடமோ வேலை பார்க்கிறான். கடிதமும் இல்லை, போனும் இல்லை.

“புராஜெக்ட் விஷயமா போயிருக்கான். மழை முடிஞ்சதும் வந்துருவான்” என்பார் கிணி, கேட்பவரிடமும் கேட்காதவரிடமும். அதற்குப் பின் ஒன்பது மழை முடிந்திருந்தது. ஜன்னலோரம் சுகேஷின் கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடந்தது. அதை யாரும் தொடக்கூடாது.

மென்பொருள் நிறுவனத்தின் தணிக்கைக் கடிதம் மின்னஞ்சலில் வந்தபோது ஜலஜா நாகரபஞ்சமிக்கு லீவில் இருந்தாள். வரைபட மென்பொருள் எத்தனை கம்ப்யூட்டரில் இருக்கிறது, எத்தனைக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் முதலில் வக்கீலைத் தேடியிருப்பார்கள். மறுநாள் கிணி இஸ்திரிச் சட்டையில் வந்தார்.

“பாத்தியா ஜலஜா, வெளிநாட்டுக் கம்பெனிக்கு நம்ம அட்ரஸ் தெரிஞ்சிருக்கு!”

“பதில் ஏதும் எழுதிடலையே சார்?”

எழுதியிருந்தார். எங்கள் இருபத்துநாலு பொறியாளர்களும் அல்லும் பகலும் உங்கள் மென்பொருளில்தான் உழைக்கிறார்கள், உங்கள் சேவை மேலும் வளர வாழ்த்துகள் என்று, தன் மூன்று பதவிகளையும் போட்டு.

ஒரே வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. நீங்கள் வாங்கிய லைசென்ஸ் ஒன்று, மீதி இருபத்துமூன்றும் திருட்டு, நஷ்டஈடு கட்டுங்கள். அறையையும் விற்று, கிணி குடியிருந்த வீட்டையும் விற்றாலும் தேறாத தொகை. கிணி மூன்று நாள் சட்டைக்கு இஸ்திரி போடவில்லை.

ஜலஜாதான் மென்பொருள் நிறுவனத்துப் பெண்ணைப் போனில் பிடித்தாள்.

“உங்க தலைவரே எழுதிக் குடுத்திருக்காரே மேடம், இருபத்துநாலு பேருன்னு?”

“சார் கொஞ்சம் பெருமையா எழுதிட்டாருங்க.”

“பெருமைக்கு எங்க ஃபார்ம்ல கட்டம் இல்லையே.”

அந்தப் பெண் நல்லவள், வழி சொன்னாள். இருபத்துநாலு பேரையும் பட்டியல் போட வேண்டும். வேலை பார்க்காதவர் என்றால் அப்படியே எழுத வேண்டும். பார்த்து விலகியவர் என்றால் விலகிய தேதி வேண்டும். நாங்கள் அனுப்புகிற சிறு நிரலை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஓட்டி, வருகிற அறிக்கையை அப்படியே அனுப்ப வேண்டும். திருட்டுப் பிரதி இருந்தால் அழித்துவிட்டு உறுதிமொழி தர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சிறு அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

பட்டியலைப் பற்றிக் கேள்விப்பட்ட ஹோட்டல்காரர் பை படியேறி வந்துவிட்டார்.

“என்ன கிணி மாமா, என் தோசைக்காரன் பொறியாளரே இல்லேன்னு எழுதிட்டீங்களாமே? அவன் ஊர்ல பொண்ணு பாக்க அந்தப் படத்தக் காட்டியிருக்கான் மாராயா!”

“டையைக் கழட்டச் சொல்லு” என்றார் கிணி, தலையைத் தூக்காமல்.

நிரலைத் தன் கம்ப்யூட்டரிலும் கிணியுடையதிலும் ஓட்டிவிட்டு, ஜலஜா ஜன்னலோரத்துத் துணியை விலக்கினாள். தூசியால் தும்மல் வரும் என்று நினைத்தாள். தூசியே இல்லை.

அறிக்கை வந்தது. லைசென்ஸ் இல்லாத பிரதி ஒன்று, சுகேஷ் காலத்தில் ஏற்றியது. கடைசியாகத் திறந்தது: இன்று காலை 8.07. அதற்கு முன், நேற்று 8.05. முந்தாநாள் 8.10. ஞாயிறு தவிர எல்லா நாளும், நாளுக்குப் பதினோரு நிமிஷம். திறந்த கோப்பு ஒன்றே ஒன்று: ‘அப்பா வீடு 3’.

ஜலஜாவுக்கு அந்தப் படம் தெரியும். தாழ்ந்த ஓட்டுக்கூரை, நடுமுற்றம், மழையைப் பார்த்து உட்கார ஒரு திட்டு. மூன்றாம் முறையாக மாற்றி வரைந்து சுகேஷ் கொண்டுவந்தபோது கிணி வாடிக்கையாளர்கள் முன்னால் சிரித்தார். “தூண் இல்ல, கோபுரம் இல்ல. கோழிக்கூடா இது?” படத்தின் மூலையில் ‘வரைந்தவர்’ கட்டத்தில் சுகேஷின் பெயர் இருந்தது. ‘ஒப்புதல்’ கட்டம் காலியாகவே நின்றுவிட்டது.

கிணி பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

“பதினோரு நிமிஷமா?” என்றார். “ரெண்டு நிமிஷம்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.”

“இந்தப் பிரதிய அழிக்கணும் சார். படம் போகாது. என் மெஷினுக்கு மாத்திடறேன்.”

“அதுல நீ வேலை பாக்கணும்.” விலக்கிய துணியை எடுத்து மடித்தார். “பிரிண்ட் எடு.”

முடிவாகாத படத்தை அந்த அலுவலகத்தில் யாரும் பிரிண்ட் எடுப்பதில்லை. அது அவரே போட்ட சட்டம். ஜலஜா எடுத்துக் கொடுத்தாள். கிணி அதை மேஜையில் விரித்து, மூலைகளில் நாலு டீ கிளாஸ்களை வைத்து, ‘ஒப்புதல்’ கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இந்த முறை ஒரு பதவியும் எழுதவில்லை.

“சுகேஷுக்கு அனுப்பட்டுமா சார்?”

“அட்ரஸ் எங்கிட்ட இல்லையே.”

பிறகு பட்டியலை இழுத்தார். இருபத்துமூன்று பேருக்கு எதிரே ‘இங்கு வேலை பார்த்ததில்லை’ என்று ஜலஜா தட்டச்சு செய்திருந்தாள். கடைசி வரியில் மட்டும் விலகிய தேதியை விட்டுவைத்திருந்தாள்.

“மழை முடிஞ்சதும் வருவார்னு எழுதிடலாமா சார்?”

“அதுக்குக் கட்டம் இல்லன்னு சொல்லிட்டாளே அந்தப் பொண்ணு.”

காலண்டரைப் பார்க்காமலே எழுதினார்: 19 ஜூலை 2016. பக்கத்தில், யாரும் கேட்காமலே, ‘செவ்வாய்’ என்று சேர்த்தார்.

உறுதிமொழி அன்று சாயங்காலமே போனது. மறுநாள் வழக்கம்போல் ஒன்பது மணிக்கு ஜலஜா படியேறி வந்தபோது, எப்போதும் கிணி திறந்து வைத்திருக்கும் கதவு பூட்டியிருந்தது. கைப்பையின் அடியில் வருஷக்கணக்காகக் கிடந்த சாவியைத் தேடி எடுத்தாள். அது பூட்டுக்குள் சுலபமாகத் திரும்பவில்லை.