நாலு இஞ்சுச் சுவர்

விடிகாலை நாலரைக்கே வீரபாண்டி சாரத்தில் நின்றான். அரபு நாட்டில், ஃபஹாஹீல் ஊருக்கு வெளியே அந்த லேபர் கேம்பில் புது அறைகள் எழும்பிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு பேருக்கு ஓர் அறை, அறுபது பேருக்கு ஒரு கக்கூஸ். சிமெண்டு தின்ற விரலிடுக்கு எரிய எரியக் கல் வைத்தான், கலவை அப்பினான். வெயிலுக்கு முன் சுவர் முடிய வேண்டுமாம், இன்ஜினியர் வாசுவின் உத்தரவு. ஏசியில் தூங்கி எழுந்து வருகிற மகராசனுக்கு உத்தரவு போட என்ன கஷ்டம்.

கையாள் கார்மேகம் நாலு நாளாய் வாந்தியும் பேதியுமாய்க் கிடந்தான். கேம்பில் அவனைப்போல் முப்பது பேர். போன வாரம் ஒரு பீகார்க்காரனைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பியாயிற்று. காரணம் வீரபாண்டிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கார்மேகத்தின் சட்டையைப் பிடித்து வாசு இழுத்து வந்தான்.

"நடிக்கிறியா? யல்லா, கல்லத் தூக்கு."

"நிக்கவே முடியல சார்."

பளாரென்று அறை விழுந்தது. சரிந்த கார்மேகத்தின் மண்டை கல் விளிம்பில் மோதிப் பிளந்தது. மணல் ரத்தத்தில் நனைந்தது.

வீரபாண்டி குதித்துச் சம்மட்டியை எடுத்தான். வாசு செத்தான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். தலைத்துண்டால் காயத்தைக் கட்டிக்கொண்டிருந்த பிளம்பர் ராஜிக் கத்தினான்: "அவனக் கொன்னா நோய் போயிருமா மாப்ளே?"

வீரபாண்டி திரும்பி ஓடினான். கேம்பின் குடிதண்ணீர்த் தரைத்தொட்டி மூடியைப் பெயர்த்து, உள்சுவரில் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். கறுப்புக் கழிவு பீறிட்டுக் குடிதண்ணீரில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"பாருங்க. இந்தப் பக்கம் குடிக்கிற தண்ணி, அந்தப் பக்கம் பீக்குழி. நடுவுல நாலு இஞ்சுச் செவுரு, பூச்சுகூட இல்ல. சிமெண்டு மிச்சம் பிடிக்க இந்தாளு சொன்னான். கட்டுனது நான். என் கையாலதான் கட்டுனேன்." வாய்விட்டு அழுதான்.

"போலீசக் கூப்பிடுறேன். அத்தனை பேர் விசாவும் கான்சல்," என்றான் வாசு. "கேம்புக்கு வேற தண்ணி கிடையாது."

ராஜிக் சம்மட்டியை வாங்கி மிச்சச் சுவரில் இறக்கினான். "தண்ணி மாஃபி, டியூட்டி மாஃபி. தண்ணி இல்லன்னா வேலையும் இல்ல."

"பானி மாஃபி, டியூட்டி மாஃபி," என்றான் ஒரு பெங்காலி. சம்மட்டி கைமாறியது.

வெளி சைட்டுக்கு ஆளேற்றிப் போகும் டியூட்டி பஸ் வந்ததும் கார்மேகத்தையும் மற்ற நோயாளிகளையும் தூக்கி ஏற்றினார்கள். "சைட்டுக்கு விடு," என்று வாசு மறித்தான். பட்டாணிய டிரைவர் அவனைப் பாராமல் வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் ஒடித்தான்.

கார்மேகம் பிழைப்பானா, தெரியாது. போலீஸ் வரும், அது நிச்சயம். கேம்பில் மிச்சமிருந்த இருநூறு பேரும் கேட்டின் குறுக்கே கைகோத்து உட்கார்ந்தார்கள். நடுவில் வீரபாண்டிக்கு இடம் விட்டிருந்தார்கள்.