ஜோஷ்வா முகத்தில் கோடு

"அவன் அந்த மெஷின வாங்கட்டும் ஜெனி. நமக்கு இன்னா நஷ்டம்?" என்றான் எட்வர்ட், இட்லியைச் சாம்பாரில் முக்கியபடி. "நம்ம கடைக்கு ரெண்டு கடை தள்ளி ஃபிளெக்ஸ் கடை போடப் போறான். மெஷினு படுத்துச்சுன்னா கடையும் படுத்துக்கும். நீ கம்முனு இரு."

ஜெனிபர் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். கணவன் சொன்னதில் தப்பில்லை. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஏற்கெனவே பேனர் வேலை குறைச்சல். இதில் ஆரணிக்காரன் பரசுராமன், பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் போட்டிக்கடை போட வருகிறான். ஆனால் அவன் பழைய மெஷின் வாங்கப் போவது ஜோஷ்வாவிடம். அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து அவளுக்கு நாஷ்டா இறங்கவில்லை.

பொன்னேரியில் பெரிய பிரின்டிங் கடை வைத்திருந்தான் ஜோஷ்வா. போன வருஷம் அவளுக்கும் ஒரு பழைய மெஷினை அவன்தான் விற்றான். விற்ற அன்று அடித்துக் காட்டிய படத்தில் நீலக் கடல் கண்ணாடி மாதிரி வந்தது. இரண்டே மாதத்தில் அந்த நீலம் முழுக்க வெள்ளைக் கோடு. பிறந்தநாள் பேனர் ஒன்றில் குழந்தையின் முகத்தையே கோடு அறுத்துப் போட்டிருந்தது.

அந்த பேனரைச் சுருட்டிக்கொண்டு அவனிடம் போனாள். கடை நிறையக் கூட்டம். "மெஷினு நல்லாத்தாம்மா கீது. ஓட்டுற கைதான் சரியில்ல. பேசாம ஒரு தையல் மெஷின் வாங்கி ஜாக்கெட் தை" என்றான் ஜோஷ்வா. எல்லோரும் சிரித்தார்கள். அவமானத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் சிரித்துவிட்டாள். தானும் சேர்ந்து சிரித்ததைத்தான் அவளால் மறக்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மெஷினின் திரையைக் குடைந்தபோதுதான் சூட்சுமம் பிடிபட்டது. இங்க் பீய்ச்சும் ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான ஓட்டைகள். ஒன்று அடைத்துக்கொண்டால் அந்த இடம் வெள்ளைக் கோடாக விழும். அதை மறைக்க மெஷினிலேயே ஒரு வழி உண்டு. அடைத்த ஓட்டையைக் குறித்துக் கொடுத்தால், இரண்டு பக்கத்து ஓட்டைகளும் கூடுதலாகப் பீய்ச்சி அந்த இடத்தை மூடிவிடும். படம் புதுசு மாதிரி இருக்கும். பக்கத்து ஓட்டைகளும் அடைத்துக்கொண்டால் மூட ஆள் இல்லை. அப்படிச் செத்த ஓட்டைகளை வரிசையாகக் குறித்து மறைத்துவிட்டுத்தான் ஜோஷ்வா விற்றிருந்தான்.

இதை அவள் வெளியில் சொல்லவில்லை. அவள் மெஷின் நோயாளி என்று தெரிந்தால் சிப்காட் கம்பெனிகளின் ஆர்டர்கள் ஓடிவிடும். ஒரே பேனர்மேல் ஹெட்டை மெல்ல மெல்லப் பல தடவை ஓட்டிக் கோட்டை மறைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் ஜோஷ்வா, "சந்தேகம்னா ஜெனிபரைக் கேளு, என் மெஷினு எப்டி ஓடுதுன்னு" என்று பரசுராமனை அவளிடமே அனுப்பிவைத்தான்.

"ஓட்டிக் காட்டும்போது நானும் வரேன் தம்பி" என்றாள் ஜெனிபர்.

பொன்னேரிக் கடையில் அவளைப் பார்த்ததும் ஜோஷ்வா வாயெல்லாம் பல்லானான். வேடிக்கை பார்க்கத் தொழில்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள்.

"வாம்மா. எந்தப் படம் அடிக்கலாம்?"

"உங்க போட்டோவே அடிங்கண்ணே. பிரின்டிங் சங்கத் தேர்தலுக்கு நிக்கிறீங்களாமே."

அவன் குளிர்ந்துபோனான். நீல வானத்தின் முன்னால், கையைக் கூப்பி, ஆள் உயரத்துக்கு வந்தான் ஜோஷ்வா. மாசு மறு இல்லாத முகம். பரசுராமன் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"ஏசப்பா மேல சத்தியமா சொல்றேன் தம்பி. ஹெட்டுல ஒரு ஓட்டை கூட அடைப்பு இல்ல."

ஜெனிபர் காத்திருந்தது அந்தச் சத்தியத்துக்குத்தான். "இன்னொரு தபா அடிச்சிப் பாத்துடலாம்ணே" என்று சொல்லிக்கொண்டே திரையில் ஓட்டைகளைக் குறிக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"ஏய், அதுல கை வெக்காத!"

"ஏண்ணே? ஒண்ணும் அடைக்கலன்னா, மூடி மறைக்கிற பட்டனை நிறுத்தினா இன்னா ஆவப் போவுது?"

பரசுராமன் முகம் மாறியது. "அக்கா நிறுத்தட்டும்ணே."

நிறுத்தினாள். மெஷின் ஓடத் தொடங்கியது. முதலில் வானம் வந்தது, கோடு கோடாக. அடுத்து நெற்றி. அப்புறம் கண்கள், இரண்டையும் சேர்த்து ஒரு வெட்டு. மீசையில் ஒன்று, கழுத்தில் ஒன்று. அங்குலம் அங்குலமாக வெளியே வந்த அந்த முகத்தை ஜெனிபர் நிதானமாக ரசித்தாள்.

ஜோஷ்வா அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "ஜெனி, உனக்குப் புது ஹெட்டு போட்டுத் தரேன். ஆரம்பத்துல இப்டித்தான் வரும், போகப் போக சரியாயிடும்னு ஒரு வார்த்தை சொல்லு. அவனும் இத வாங்கிப் பேஜாராயிடுவான், உனக்கும் போட்டிக்கடை ஒழியும். யோசி."

அவள் யோசித்தாள். ஒரு பொய்க்கு இரண்டு லாபம். எட்வர்டாக இருந்தால் அங்கேயே கை கொடுத்திருப்பான்.

அவள் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அண்ணன் எனக்குப் புது ஹெட்டு தராராம், நான் பொய் சொன்னா. என் தலையில கட்டினதும் இதே மாதிரி செத்த மெஷினுதான். ஆமா, என் கடையிலயும் கோடுதான் விழுது. போய் ஊரெல்லாம் சொல்லிக்கோங்க."

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். இந்த முறை ஜோஷ்வா சிரிக்கவில்லை.

"இந்தப் படம் எனக்கு வேணும்" என்று பிளேடால் அறுத்துச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பரசுராமன் சென்னையில் லோன் போட்டுப் புது மெஷின் எடுத்தான். கடைத் திறப்பு விழாச் சலுகையாகப் பேனர் பாதி விலை. நன்றி சொல்ல ஒரு பெட்டி மைசூர்பாகு அனுப்பினான். அவளிடமிருந்த இரண்டு கம்பெனி ஆர்டர்களையும் அதே வாரம் எடுத்துக்கொண்டான். எட்வர்ட் தலையில் அடித்துக்கொண்டான். "இப்ப சந்தோஷமா உனுக்கு?"

அவள் மைசூர்பாகைக் கடித்தபடி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். பொன்னேரி பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, அவள் கடையின் ஷட்டருக்கு மேலே, ஆள் உயர ஜோஷ்வா கோடு கோடாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

மதியம் ஜோஷ்வாவின் மச்சான் வந்து நின்றான். "மாமா கழட்டச் சொல்றாருக்கா. சங்கத் தேர்தல் வருது, மானம் போவுதுங்கிறாரு."

"மழையில சாயம் போனதும் கழட்டறேன்னு சொல்லு" என்றாள் ஜெனிபர். "ஆனா நல்ல இங்க்குப்பா அது. ரெண்டு மூணு வருஷத்துக்குப் போவாது."