சோதனை இரண்டு

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவனுக்கு. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதாலோ என்னவோ, கடையை விட்டு வெளியே வந்தால் அவனிடம் கேள்வியே இருக்காது. எல்லாம் தீர்ப்புதான். கம்ப்யூட்டருக்கு எந்த ஓஎஸ் நல்லது, படம் பார்க்க மாதச் சந்தா கட்டுகிறவன் எப்படிப்பட்ட ஏமாளி, கேம் விளையாடுகிறவர்கள் ஏன் உருப்பட மாட்டார்கள் என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு போவான்.

"இன்னைக்கு இருக்கிற படம் நாளைக்கு இருக்காது. அவன் இஷ்டத்துக்குத் தூக்கிடுவான். அடுத்தவன் கையில நம்ம சாமானைக் குடுத்துட்டு அவன் வாசல்ல போய் நிக்கணுமா?" என்பான்.

அதனால் சந்தாக்களை எல்லாம் நிறுத்திவிட்டு வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்திருந்தான். டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க். படம், பாட்டு, குடும்பப் போட்டோ எல்லாம் அதில். சட்டை மாற்றுவதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் ஓஎஸ்ஸை மாற்றுவான். கடையில் அவனுக்குப் பட்டப்பெயரே 'சர்வர்'. அவன் மனைவி ஒருநாள் சொன்னாள்: "ஹோட்டல்ல சர்வர்னா கேட்டதைக் கொண்டுவந்து வைப்பார். நம்ம வீட்டு சர்வர் வாரத்துக்கு ரெண்டு நாள் லீவு." அவனும் சேர்ந்து சிரித்தான்.

தவறு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கூட வேலை செய்பவரிடம் ஒரு துப்பறியும் தொடரின் டிஸ்க்குகளை இரவல் வாங்கி வந்திருந்தான். அத்தனையையும் உயர்ந்த தரத்தில் ஏற்ற வேண்டும், அப்படியே ஓஎஸ்ஸையும் மாற்றிவிட வேண்டும் என்று உட்கார்ந்தான். இடம் போதவில்லை. எதைக் கழிக்கலாம் என்று தேடியபோது 'சோதனை2' என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. தான் வைத்த பெயர்தான். எப்போது, எதற்கு என்று யோசித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருக்கும் அக்கா கேட்டாள் என்று ஏதோ ஒரு கேமுக்கு இதில் இடம் ஒதுக்கிக் கொடுத்த ஞாபகம். மண்ணை வெட்டி, கல்லை அடுக்கி வீடு கட்டும் கேம். பத்து நிமிட வேலை. அதற்கப்புறம் அவளும் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் மறந்துவிட்டான்.

கேம்தானே என்று அழித்தான். அழித்த இடத்தில் தொடரை ஏற்றினான்.

மறுநாள் காலை அவன் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டட மேஸ்திரியாக முப்பத்தைந்து வருடம் சாரத்தில் ஏறி இறங்கியவர். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறார். பொழுது போகாமல் அதில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பார். சீட்டாட்டமாக இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான்.

"உள்ள போக மாட்டேங்குதுடா. அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது."

திரையைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த நொடியில் 'நான்தான்பா தெரியாம அழிச்சிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"கேம் கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்போல. அடுத்தவன் கையில இருந்தா இப்படித்தான்பா. வேற ஒண்ணு போட்டுத் தரேன்."

"மொத்தமும் போச்சா?"

"மொத்தமும்தான்."

அப்பா தலையாட்டினார். டேப்லெட்டை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். அவன் ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஒரு பொம்மை வீடு, போனால் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நான்கு நாள் கழித்து, கடையில் ஒரு அம்மாளுக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் மெசேஜ் வந்தது. "டேய், அப்பாதான் மூடச் சொன்னாரா? மறைக்காம சொல்லு. தாங்கிக்குவேன்."

அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பாவும் அக்காவும் பேசி நான்கு வருடம் ஆகிறது. அம்மா இறந்தபோது அக்காவால் வர முடியவில்லை. அங்கே வேலையில் விடவில்லை. அப்பா போனில், "உனக்கு இங்க யாரும் இல்லைன்னு நெனச்சுக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். அதோடு சரி. நடுவில் இவன் எத்தனை முறை போனை நீட்டினாலும் அப்பா எழுந்து போய்விடுவார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மெசேஜை மனைவியிடம் காட்டினான். படித்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்னு மாமாகிட்ட சொன்னீங்க. அது நம்ம சர்வர்லதானே இருந்தது? உண்மையைச் சொல்லுங்க, என்ன பண்ணீங்க?"

சொன்னான். அவள் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அப்பாவின் டேப்லெட் திரையைப் படம் எடுத்திருந்தாள். மலைச்சரிவில் ஒரு வீடு. மூன்று அடுக்கு, முன்னால் வளைந்து இறங்கும் படிக்கட்டு, பக்கத்தில் ஒரு குளம். படிக்கட்டின் ஓரத்தில் ஒரு பலகை. அதில், "ஏழாவது படி உயரம் அதிகம். இடிச்சுக் கட்டு" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பலகை: "கட்டியாச்சு. வந்து பாருங்க மேஸ்திரி."

"அண்ணிதான், உங்க அக்கா, எங்கிட்ட சொல்லி மாமாவோட டேப்லெட்ல போட வெச்சாங்க. உள்ள அவங்க பேர் எறும்பு. சின்ன வயசுல மணல் அள்ளிட்டு அவர் பின்னாலயே போவாங்களாமே, அப்ப அவர் வெச்ச பேராம். முதல் நாளே அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரியே ரெண்டு வருஷமா கட்டிட்டிருந்தாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கேம்னாலே நீங்க பண்ற பிரசங்கத்துக்கு யாருங்க சொல்லுவா?"

அவன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். அப்பா தன் மகளை வேலை வாங்கியிருக்கிறார். மகள் திருத்தியிருக்கிறாள். இந்த ஹாலில், தான் படம் பார்த்துக்கொண்டிருந்த அதே சோபாவின் மறுகோடியில் இதெல்லாம் நடந்திருக்கிறது. இப்போது மகள், அப்பாதான் கதவை அடைத்தார் என்று நினைக்கிறாள். அப்பா என்ன நினைக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நான்கு நாளாக அவர் சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டு, டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினான். கடைக்காரர் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அழிச்சதோட விட்டிருந்தா ஏதாவது தேறும். அதுக்கு மேலயே முழுசா எழுதி வெச்சிருக்கீங்களே சார். பேக்கப் இல்லையா?"

படங்களுக்கு இருந்தது. பாட்டுக்கு இருந்தது. சோதனை என்று தான் பெயர் வைத்த ஒன்றுக்கு யார் பேக்கப் எடுப்பார்கள்?

"அப்படி என்ன சார் அதுல?"

"வீடு" என்றான். கடைக்காரருக்குப் புரியவில்லை.

திரும்பி வந்ததும் முதலில் அக்காவுக்குப் போன் செய்தான். தெருமுனையில் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னான். அக்கா, "அப்போ அப்பா இல்லையே? அப்பா மூடச் சொல்லலையே?" என்று இரண்டு முறை கேட்டாள். இல்லை என்றதும் மூச்சை விட்டாள். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

"போட்டோவைக்கூட மூணு இடத்துல வெச்சிருப்பேன்னு பீத்திக்குவியேடா. ஒரு வார்த்தை கேட்க உனக்குத் தோணலையா?" என்றாள். வைத்துவிட்டாள்.

அப்பா ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அப்பா, கம்பெனிக்காரன் இல்ல. நான்தான் அழிச்சேன். இடம் பத்தலைன்னு பார்க்காம அழிச்சிட்டேன். அப்புறம் உங்ககிட்ட பொய்யும் சொன்னேன்."

அறை விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா அவன் தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி கேட்டார்: "அவளுக்குத் தெரியுமா?"

"இப்பதான் சொன்னேன். நீங்கதான் மூடச் சொன்னீங்கன்னு நெனச்சுட்டிருந்திருக்கா."

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "நானா?"

அவன் அக்காவுக்குப் போன் போட்டு அவரிடம் நீட்டினான். அப்பா கையைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரில் இருந்தது.

"அப்பா?"

"ம்."

"முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு."

"அப்பா, அன்னைக்கு நான் வராதது..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

குரல் வெட்டியது. "வைக்கட்டுமாப்பா?" என்றாள். "வை" என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்தார். "அவ குரலைக் கேட்டா எனக்குக் கோபம் வருதா, அழுகை வருதான்னே தெரியலடா. பேச வரல. அங்க கல்லு வைக்கும்போது இந்தத் தொல்லை இல்ல" என்றார். திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று மாலையே அவன் அதே கேமில் அவர்கள் கட்டுவதற்குப் புதிதாக ஓர் உலகத்தைத் தொடங்கி, தினமும் மூன்று முறை நகல் எடுக்க ஏற்பாடு செய்தான். துப்பறியும் தொடரை இரண்டாவது பகுதிக்கு மேல் பார்க்கவே இல்லை; டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கடையில் யாராவது சந்தா, சர்வர் என்று பேச்செடுத்தால் லென்ஸ் துடைக்கப் போய்விடுவான். "என்ன சர்வர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

ஒன்பது நாள் அப்பா அந்தப் புது உலகத்தில் சும்மா நின்றார். வெறும் புல்வெளி. ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. போன உழைப்பு திரும்பி வராது என்பது கட்டடம் கட்டினவருக்குத் தெரியாதா? பத்தாவது நாள் மாலை, ஹாலைக் கடந்தபோது அவன் திரையைப் பார்த்தான். தூரத்தில் இன்னோர் உருவம் நின்றிருந்தது, தலைக்கு மேல் 'எறும்பு' என்ற பெயரோடு. கிட்டே வரவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. மெல்ல நடந்து போய் வீட்டுக்கு அளவு குறிக்க ஒரு மூலையில் முளைக்குச்சி அடித்தார். அந்த உருவம் எதிர் மூலைக்குப் போய் இன்னொன்று அடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அவனைக் கூப்பிட்டார். "அஸ்திவாரத்துக்கு மண் எடுக்கணும். அவளுக்கு லீவு ஒரு நாள்தான். சும்மாதானே இருக்க, நீயும் உள்ள வா."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா."

"குழி தோண்டத் தெரியாதா? கயிறு போட்ட எடத்துக்குள்ளயே தோண்டு. வேற எதையும் தொடாதே."

கடைசி வார்த்தையை அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அது தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது. லேப்டாப்பைத் திறந்துகொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். எந்தப் பொத்தான் எதற்கு என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். இரண்டு முறை தான் தோண்டிய குழிக்குள்ளேயே விழுந்தான். அக்கா ஏற்கெனவே அங்கே இருந்தாள். அப்பாவுக்குப் பதில் எழுதினாள். அவனுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. போன வாரம் அவன் அனுப்பிய மூன்று மெசேஜுக்கும் அவளிடமிருந்து பதில் இல்லை. அவன் தோண்டிப் போட்ட மண்ணை மட்டும் பின்னாலேயே வந்து அள்ளி ஓரமாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவனும் ஒன்றும் கேட்காமல், கயிற்றுக்குள்ளேயே தோண்டிக்கொண்டு போனான்.