முதன்மை ஓட்டுநர்

மாப்பிள்ளை முதலில் உடைத்தது மேசைக் கண்ணாடியை. அதற்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. ஊருக்கெல்லாம் காப்பீடு விற்றவன் தன் மேசைக்கு எடுத்துவைக்கவில்லை. போனஸ் அப்படிப்பட்ட ஆள்.

போனஸ் என்பது அவன் பெயரல்ல. 'க்ளெய்ம் பண்ணாம ஒரு வருஷம் ஓட்டுங்க, போனஸ் வரும்' என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது. ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தும்போதும் வாய்தவறி அதையே சொன்னான் என்று ஒரு பேச்சு உண்டு. கார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, வருகிறவர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் ஒன்று இப்போது காலொடிந்து சுவரோரம் கிடந்தது. மாப்பிள்ளை இரண்டாவதாக உடைத்தது அது.

மாப்பிள்ளை, போனஸின் ஒரே தங்கை பாப்பாவின் கணவன். டைல்ஸ் கடை முதலாளி. கூலியாள் இருவர் தூக்கும் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி லாரியில் வைப்பான். அந்தக் கை இப்போது போனஸின் காலரைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில், காரின் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி கம்பெனி அனுப்பிய தாள் கசங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன மச்சான்? போன வருஷத்தை விட ரெண்டு மடங்கு கேக்கிறான்? எவன் அப்பன் வீட்டுக் காசு?"

"விளக்கமா சொல்றேன் மாப்பிள்ளை. காலரை விட்டா இன்னும் விளக்கமா சொல்வேன்."

காலர் விடுபடவில்லை. போனஸ் விளக்கினான். பயம் வந்தால் சிலருக்குக் கடவுள் பெயர் வரும், சிலருக்கு அழுகை வரும். அவனுக்குத் தொழில் வரும்.

"ப்ரீமியம் ஏற ஆயிரம் காரணம் இருக்கு மாப்பிள்ளை. வண்டி என்ன மாடல், எஞ்சின் எவ்வளவு பெரிசு, ராத்திரி தெருவுல நிக்குதா ஷெட்டுல நிக்குதா, திருட்டு அதிகமுள்ள ஏரியாவா..."

"அதே வண்டி. அதே ஷெட்டு. என் ஏரியாவுல திருட எவனுக்குத் தைரியம் இருக்கு?"

"அதுவும் சரிதான். அப்புறம் உதிரிபாகம் விலை ஏறிடுச்சு, மெக்கானிக் கூலி ஏறிடுச்சு..."

அறை இடது கன்னத்தில் விழுந்தது. போனஸின் மூக்குக் கண்ணாடி அலமாரிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. அவனும் கூடவே போயிருப்பான், காலர் விடவில்லை. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோதுதான் அந்த வார்த்தைகள் அவன் வாயிலிருந்து வந்தன.

"உங்களால ஏறல மாப்பிள்ளை! உங்க பேரே அதுல இல்ல! ஓட்டுறவங்க ரெக்கார்டு கெட்டுப்போச்சு, அதான். பாப்பா பேருலதானே மூணு க்ளெய்ம் இருக்கு? பாப்பாதானே மெயின் டிரைவர்?"

காலர் விடுபட்டது. மாப்பிள்ளை யோசித்தான். அவன் யோசித்து போனஸ் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இல்லை.

"அவளா?" என்றான் மாப்பிள்ளை, மெதுவாக. "அவளாலதானா?"

படியிறங்கிப் போய்விட்டான்.

தப்பித்தோம் என்று போனஸ் ஒரு நீண்ட மூச்சு விட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும் கெடுகிறது. அடுத்த மூச்சு இழுக்கும்போதுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. மாப்பிள்ளை நேராக வீட்டுக்குத்தான் போவான். பாப்பா வீட்டில் தனியாக இருப்பாள்.

அலமாரிக்கடியில் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினான்.

எல்லாம் அவன் கெட்டிக்காரத்தனமாகச் செய்த தப்பு. அதனாலேயே இத்தனை நாள் தப்பாகத் தெரியவில்லை. இந்தக் காரை வாங்கியபோது மாப்பிள்ளை பேரில் பாலிசி கேட்டால் கம்பெனி சொன்ன தொகைக்கு இன்னொரு கார் வாங்கலாம் போலிருந்தது. பழைய காரில் அவன் இடித்ததும், இடித்த பிறகு இறங்கிப்போய் எதிராளியை அடித்ததும் பதிவில் இருந்தன. போனஸ் தலையைச் சொறிந்தான். பாப்பாவிடம் லைசென்ஸ் இருந்தது. லைசென்ஸ் வாங்கியதோடு சரி, அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் துடைப்பதற்குத்தான் தொட்டிருக்கிறாள். ஒரு கீறல் இல்லாத ரெக்கார்டு. காரையும் பாலிசியையும் அவள் பேரில் போட்டு, முதன்மை ஓட்டுநர் என்ற இடத்தில் அவளை எழுதினான். தொகை பாதிக்குச் சரிந்தது. "மச்சான்னா நீங்கதான் மச்சான்" என்று மாப்பிள்ளை கட்டிப்பிடித்தான். விலா எலும்பு இரண்டு நாள் வலித்தது. அதையும் பாசத்தில் சேர்த்துக்கொண்டான் போனஸ்.

பிறகு க்ளெய்ம்கள் வந்தன. முந்திப்போன ஒரு வேனைத் துரத்திப்போய் மாப்பிள்ளை முட்டினான். நிறுத்தும்போது பாலிசிதாரர் தூணில் மோதினார் என்று போனஸ் எழுதினான். எவனோடோ பார்க்கிங் சண்டை, கோபத்தில் தன் காரின் கதவைத் தானே உதைத்து நெளித்தான். பாலிசிதாரர் கேட்டில் உரசினார் என்று எழுதினான். மூன்றாவது, முன்கண்ணாடி. சேதம் பார்க்க வந்த சர்வேயர் விரலால் தடவிப் பார்த்தார்.

"கல்லு பட்டா உள்பக்கமா குழியும் சார். இது வெளியே புடைச்சிருக்கு. உள்ளே இருந்து ஏதோ மோதியிருக்கு."

"பசங்க பந்து விளையாடியிருப்பாங்க சார்" என்று சிரித்தான் போனஸ்.

அந்த வீட்டில் பசங்க யாரும் கிடையாது. நெற்றியில் கட்டோடு பாப்பா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்று க்ளெய்முக்கே கம்பெனி உஷாராகிவிட்டது. இந்த ஆபத்துக்கு இந்த விலை கட்டாது என்று எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன்காரன் மட்டும் தங்கையின் கல்யாணத்தை வருஷா வருஷம் பழைய விலைக்கே புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஸ்கூட்டரை அவன் தெருவோரம் சாய்த்தபோது எதிர்வீட்டுக்காரர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உலர்ந்த துணியையே திரும்பத் திரும்ப உலர்த்தினார். "வாங்க சார்" என்று குனிந்து சொன்னார். "எப்பவும் நடக்கிறதுதான். இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தி."

கேட் பாதி திறந்திருந்தது. உள்ளே ஷெட்டில் மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்துக் கார் நின்றது. பக்கத்தில் டைல்ஸ் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. மாப்பிள்ளை பாப்பாவின் முடியைப் பிடித்து வீட்டுக்குள்ளிருந்து இழுத்து வந்துகொண்டிருந்தான். அவள் உதடு கிழிந்து, ரத்தம் தாடையில் இறங்கியிருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"மெயின் டிரைவராம்ல? ஓட்டுடி! இன்னிக்கு நீ ஓட்டுறதை நான் பார்க்கணும்!"

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம். அது வெறும் பேருக்கு..."

பாப்பா திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டியாண்ணே? இன்னிக்கு என்னன்னு எழுதப்போறே? தூணா, கேட்டா?"

இந்த வருஷம் முழுவதும் அவன் வாங்கிய அடிகளில் இதுதான் பலமானது. கன்னத்தில் கைத்தடம் இருந்தும் அப்படித்தான் பட்டது.

மாப்பிள்ளை காரின் கதவைத் திறந்து அவளை ஓட்டுநர் இருக்கையில் திணித்தான். தலை கதவின் மேல்விளிம்பில் மோதியது. சாவியை அவள் முகத்தில் எறிந்து கதவை அறைந்து சாத்தினான். டிக்கியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான். முதல் அடியில் ஹெட்லைட் உடைந்தது.

"இது உன் பேர்ல!"

அடுத்தது பானெட். "இதுவும் உன் பேர்ல! நீ வாயைக் கிளறலேன்னா நான் ஏன்டி இடிக்கப் போறேன்? எல்லாமே உன்னாலதான்! கம்பெனிக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு பாரு!"

போனஸ் வீரன் இல்லை. எலி வந்தால் நாற்காலி மேல் ஏறுகிறவன். ஆனாலும் பின்னாலிருந்து பாய்ந்து மாப்பிள்ளையின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். கரண்ட் கம்பத்தைக் கட்டிக்கொண்டது போலிருந்தது. மாப்பிள்ளை உதறினான். போனஸ் டைல்ஸ் பெட்டிகள் மேல் போய் விழுந்தான். மேல்பெட்டி சரிந்து, பளபளவென்று நாலு டைல்ஸ் அவன் காலடியில் நொறுங்கின. எழுந்து மறுபடி வந்தான். ஸ்பேனர் இறங்கும்போது கையைக் குறுக்கே நீட்டினான். முழங்கைக்குக் கீழே எலும்பு 'டக்'கென்றது. சத்தம் சின்னதுதான். கை மட்டும் மூட்டு இல்லாத இடத்தில் மடங்கித் தொங்கியது.

"ஐயோ மாப்பிள்ளை, இதுக்கு நான் பாலிசி எடுக்கலையே" என்றது அவன் வாய். வாய்க்கு நேரம் காலம் கிடையாது.

காரின் இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறந்தது.

"ஏறுண்ணே."

விழுந்து ஏறினான். அவள் எட்டிக் கதவைச் சாத்திப் பூட்டினாள். மடியில் விழுந்திருந்த சாவியை எடுத்தாள். எங்கே சொருகுவது என்று தடவினாள். மாப்பிள்ளை பானெட் மேல் முழங்காலை வைத்து ஏறி முன்கண்ணாடியில் அடித்தான். கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்தது. மறுபடி அடித்தான். துகள்கள் இருவர் மடியிலும் உதிர்ந்தன. ஓட்டை வழியாக விரல்கள் உள்ளே வந்து துழாவின.

எஞ்சின் உறுமியது.

"கிளட்ச் மிதி பாப்பா! ரிவர்ஸ் இடப்பக்கம், மேலே!"

"கத்தாதே, தெரியும்!"

தெரியவில்லை. கியர் கறகறவென்று அலறி, பிறகு விழுந்தது. கார் பின்னால் பாய்ந்தது. பாதி திறந்த கேட்டைக் கீலோடு பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, எதிர்வீட்டு மதிலில் முட்டி நின்றது. அந்தக் குலுக்கலில் மாப்பிள்ளை பானெட்டிலிருந்து உருண்டு விழுந்தான்.

எழுந்தான். புருவம் கிழிந்து முகமெல்லாம் ரத்தம். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. விழுந்துகிடந்த கேட்டுக்கு முன்னால் காலை அகட்டி நின்று இரண்டு கையையும் விரித்தான்.

"ஏத்துடி! தைரியம் இருந்தா ஏத்து! உங்கண்ணன் எழுதிக்குவான்!"

பாப்பா உடைந்த கண்ணாடி வழியாக, திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தாள். கியரை முதலுக்குத் தள்ளினாள். இந்த முறை அது சத்தமில்லாமல் விழுந்தது.

"பாப்பா, வேண்டாம்மா..."

கார் குதித்தது. தொடையில் மோதிய சத்தம் மூட்டை விழுந்த மாதிரி கேட்டது. மாப்பிள்ளை பக்கவாட்டில் எறியப்பட்டு, கேட் நின்றிருந்த தூணில் அடிபட்டு விழுந்தான். ஒரு கால் மட்டும் தனக்குச் சம்பந்தமில்லாத திசையைப் பார்த்துக் கிடந்தது. ஸ்பேனர் சாக்கடை வரை உருண்டு போனது. அவள் பிரேக்கை மிதித்தாள்.

 எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு சட்டை கீழே விழுந்தது.

"செத்துட்டாராண்ணே?" அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

போனஸ் ஜன்னல் வழியாகக் காது கொடுத்தான். "இல்ல. நம்ம அம்மாவைத் திட்டிட்டிருக்காரு."

எதிர்வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்து, "ஆம்புலன்ஸா? சீக்கிரம் வாங்க, கால் போயிருக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த வீட்டுச் சண்டைக்கு அவர் போன் போட்டது அதுதான் முதல் தடவை.

போனஸுக்குக் கை நெருப்பாக எரிந்தது. ஆனாலும் பழகிய மூளை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. "பயப்படாதே பாப்பா. வழி இருக்கு. பதட்டத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிச்சிட்டேன்னு சொல்லிக்கலாம். புதுசா ஓட்டுறவங்களுக்கு அது சகஜம்னு..."

"வேணும்னே இடிச்சேன்."

"வெளியில அப்படிச் சொல்லாதே! வேணும்னு இடிச்சா கம்பெனி ஒத்தைப் பைசா தராது."

"தர வேணாம்."

"போலீஸ் கேஸ் ஆகும் பாப்பா."

"ஆகட்டும். ஏன் இடிச்சேன்னு கேப்பாங்கல்ல? இதுவரைக்கும் ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேட்டதில்ல." உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். "நீயும் கேட்டதில்லண்ணே. நீ எழுத மட்டும்தான் செஞ்சே."

போனஸ் நல்ல கையால் மடியில் கிடந்த கண்ணாடித் துகள்களைத் தட்டிவிட்டான்.  

அவள் ஸ்டீயரிங்கை ஒடிக்க, கார் தெருப்பக்கம் திரும்பி நகர்ந்தது. முதல் கியரிலேயே, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, தெருவின் நடுவில் நடக்கிற வேகத்தில் போனது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான், முந்தும்போது உள்ளே பார்த்துவிட்டு ஹாரனை நிறுத்தினான். இரண்டாவது கியர் போடு என்று சொல்ல போனஸின் நாக்கு அரித்தது. சொல்லவில்லை. எஞ்சின் போனால் போகட்டும்.

தெருமுனையில் நிறுத்தினாள். வலப்பக்கம் போனால் அவன் வீடு. கதவைச் சாத்திக்கொண்டு, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, எல்லாம் ஆறும்வரை உட்காரலாம். முன்பு அவள் அழுதுகொண்டு வந்தபோதெல்லாம் அப்படித்தான் உட்காரவைத்து, பிறகு சமாதானம் பேசிக் கொண்டுபோய் விட்டிருக்கிறான். இடப்பக்கம் போலீஸ் ஸ்டேஷன். அங்கே உட்கார்ந்தால், அந்த மூன்றாவது க்ளெய்மில் கண்ணாடி எந்தப் பக்கத்திலிருந்து உடைந்தது என்று அவன்தான் சொல்லியாக வேண்டும். சொன்னால், நாளைக்கு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவனுக்கு மேசையும் இல்லை, தொழிலும் இல்லை.

"எந்தப் பக்கம்ணே?" அவள் கைகள் ஸ்டீயரிங்கை விடாமல் இறுக்கியிருந்தன.

"இடப்பக்கம்" என்றான். "இண்டிகேட்டர் போட்டுக்கோ."

அவள் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலிருந்த ஒரு குச்சியைத் தட்டினாள். வைப்பர் ஓடி, உடைந்த கண்ணாடியை இழுத்து இழுத்து இன்னும் கொஞ்சம் உள்ளே கொட்டியது. போனஸ் நல்ல கையைக் குறுக்கே நீட்டி, அதை நிறுத்தி, மற்ற குச்சியைத் தள்ளி இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டான்.