கெய்ட்டா வீட்டு நாட்குறிப்பும் ஒரு சட்டிக் காராமணியும்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை. சிரா கெய்ட்டா ஒரு காலையில் என் வாசலில் வந்து நின்று, "ஏய் பயறுதின்னிக் குலிபாலி, எங்க அப்பாவை நீ வந்து திட்டணும்" என்றாளே, அங்கேதான் பிறந்தது.

(நான் குலிபாலி. கெய்ட்டாக்களைத் திட்டுவது எங்கள் குலத்தின் பிறப்புரிமை, எங்களைத் திட்டுவது அவர்களுடையது. நைஜர் ஆற்றங்கரையில், எங்கள் சேகூ ஊரில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. 'பயறுதின்னி', 'நான் எஜமான், நீ அடிமை' என்பவைதான் இரு பக்கமும் வழக்கமான வசவு. ஆகவே இந்தக் கதையில் ஒரு கெய்ட்டாவைப் பற்றி நல்லதாக ஏதாவது கண்ணில் பட்டால், அச்சுப்பிழை என்று கொள்ளவும்.)

2.

முதல் தொடக்கம்: "நைஜர் ஆற்றின் மீது மாலை வெயில் பொன்னாக..."

அடித்துவிட்டேன். சிராவின் அப்பா ஃபாதியாலா காலமெல்லாம் படகு ஓட்டியவர். ஆறு என்றால் அவருக்குப் படகு தட்டும் மணல்திட்டு, அவ்வளவுதான்.

இரண்டாவது: "முதுமை என்பது..."

சீ.

மூன்றாவது: சிரா தினமும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, இதய நோயில் படுத்திருக்கும் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, தாத்தா மாக்கானின் பழைய நாட்குறிப்பை வாசித்துக் காட்டினாள். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது.

இது போதும். இதில் பொன் எதுவும் இல்லை.

3.

ஒருநாள் வாசித்த பக்கம் இது:

"மகன் பிறந்திருக்கிறான். ஸான் குலிபாலி வந்து எட்டிப் பார்த்து, 'ஐயோ, இன்னொரு காராமணி தின்னியா! ஊரில் பயறு விலை ஏறிடுமே' என்றான். பிறகு எங்கள் சட்டியைக் காலி செய்துவிட்டுப் போனான்."

அந்த மகன்தான் ஃபாதியாலா. இருமல் வரும்வரை சிரித்தார்.

"திரும்பப் படி."

"எத்தனை தடவைப்பா?"

"உனக்கென்ன, வாய் தேஞ்சா போயிடும்? படி!"

படித்தாள். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"சிரா, நான் படுத்ததுலேர்ந்து ஒரு குலிபாலியாவது என்னைத் திட்டினானா? பூனை மாதிரி வர்றானுங்க. 'எப்படி இருக்கீங்க ஐயா'ன்னு மெதுவா கேக்கறானுங்க. எனக்காக துஆ செஞ்சு வேண்டிக்கிட்டுப் போறானுங்க. எனக்கு நாள் குறிச்சாச்சும்மா. ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் சொல்லலை."

கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றோடு சாப்பாடு நின்றுபோயிற்று.

(மகளே திட்டினால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் மகளுக்கு அந்த உரிமை இல்லை. இருந்தும் முயன்றிருக்கிறாள், பாவம். "அப்பா, நீங்க ஒரு... நீங்க ரொம்ப..." என்று ஆரம்பித்து, "ஒரு வாய் சாப்பிடுங்கப்பா" என்று முடித்தாளாம். அந்த வாக்கியத்தை நானும் பாதியிலேயே விடுகிறேன்.)

4.

இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதினேன்: நான் போய்ச் சேருவதற்குள் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். சிரா அந்தத் தாளைப் பார்த்ததும் கிழித்துப் போட்டாள். "நீயும்தானே போன வாரம் பூனை மாதிரி வந்துட்டுப் போனே? இப்ப கதையில வேற கொல்றியா?"

இன்னொரு முடிவு: அவர் குணமாகி எழுந்து ஆடுகிறார். மருத்துவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நடந்தது இதுதான். காராமணிச் சட்டியோடு போய்க் கதவை உதைத்தேன். கிடப்பவர் நோயாளி, அதற்கு மேல் என்னைவிட மிகப் பெரியவர். இருந்தும் கத்தினேன்.

"எவன்டா அது, எஜமான் வர்றப்ப படுத்துக் கிடக்கிறது? காராமணி வாசனைக்குக்கூட எழுந்திருக்க மாட்டியோ?"

சிரா வாயைப் பொத்திக்கொண்டாள். போர்வை மெல்ல விலகியது.

"குலிபாலியா?" என்றார் பெரியவர். "அதான் நீ தெருமுனையில வர்றப்பவே இங்க காத்து நாறிச்சு."

எழுந்து உட்கார்ந்தார்!

"சட்டியைக் கொண்டாடா. பாதியை வழியிலேயே முழுங்கியிருப்பியே, களவாணி!"

சாப்பிட்டார். நான் திட்டினேன், அவர் திட்டினார், சாப்பிட்டார். சிரா சிரித்தாள், அழுதாள், எதை எப்போது செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் எந்தக் கதையை முடித்தபோதும் வந்ததில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "தாத்தா நோட்டுல இடம் இருக்கா? எழுது சிரா. இன்னிக்கு ஒரு குலிபாலி வந்தான். சட்டியை இந்தத் தடவை நான் காலி பண்ணினேன்."

தாத்தாவின் கடைசி வரிக்குக் கீழே அவள் அதை எழுதினாள்.

5.

இதய நோய் அப்படியேதான் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. "செத்தா செத்துட்டுப் போறேன்," என்கிறார். "மரியாதையா மட்டும் சாக விடாதீங்கடா."

அதனால்தான் இதற்கு முடிவு எழுத மாட்டேன். முடிவு எழுதுவதும் ஒருவகை மரியாதைதான். தினம் ஒரு புதுத் திட்டு வேண்டுமென்கிறார் மனிதர், என் கையிருப்போ தீர்ந்துவிட்டது. நாளை பள்ளி முடிந்து வந்ததும் சிரா அவருக்கு வாசித்துக் காட்ட நாட்குறிப்பைத் திறப்பாள். இவ்வளவு தூரம் எங்கள் காராமணியைத் தின்றுகொண்டே வந்துவிட்டீர்கள், இனி நீங்களும் குலிபாலிதான். உங்கள் திட்டுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். சத்தமாக எழுதுங்கள், அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம்.

ஏய், ஃபாதியாலா கெய்ட்டா! காராமணி தின்னி! நீ ஒரு ..............................