பெட்ரோனியாவின் சுண்ணாம்பு

பேரரசர் கான்ஸ்டன்டைன் கண்ணை மூடியதும் அவருடைய மூன்று பிள்ளைகளும் ரோம நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இத்தாலியின் அக்விலேயா நகரத்துச் சந்தைத் திடலில், தகப்பன் பெயருக்குக் கீழே மூவர் பெயரையும் ஒரே பளிங்குக் கல்லில் வெட்டியவள் பெட்ரோனியா. புருஷன் போன பிறகு கல்பட்டறையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

மூன்றாவது வருஷமே பங்கு கசந்துவிட்டது. இளையவரின் பங்கான இத்தாலிக்குள் மூத்தவர் படையோடு இறங்கிவிட்டார். அவர் அக்விலேயாவை நெருங்குகிறார் என்றதும் நகரசபைக்காரர் கல்வீனஸ் பட்டறைக்கு ஓடிவந்தார்.

“அம்மா, சின்னவர் பேரைக் கொத்திப் போட்டுடுங்க. பெரியவர் பார்த்தா ஊரையே கொளுத்திடுவார்.”

“சின்னவர் ஜெயிச்சா?”

“அதெல்லாம் நடக்காது.”

“போன தடவை குதிரைப் பந்தயத்துலயும் இப்படித்தான் சொன்னீங்க ஐயா. போங்க, நான் பாத்துக்கிறேன்.”

காற்று மாறி அடித்தால் சபைக்காரர் நழுவிவிடுவார். உளி பிடித்தவள் கழுத்துதான் போகும். பெட்ரோனியா சுண்ணாம்பில் பளிங்குத் தூளைக் குழைத்து, சின்னவர் பெயரைக் கொத்தாமல் அதன் எழுத்துக் குழிகளை அடைத்து, வழவழவென்று தேய்த்துவிட்டாள். கல்வீனஸ் தடவிப் பார்த்துவிட்டு, அவளைக் கும்பிடாத குறையாகப் போனார்.

மூத்தவர் ஊருக்குள் வரவேயில்லை. இளையவரின் படை வழியிலேயே பதுங்கியிருந்து அவரைக் கொன்றுவிட்டது. அந்தப் படைத்தலைவன் திடலுக்கு வந்து நின்றபோது அவள் பாதிப் பெயரிலிருந்துதான் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்திருந்தாள். கல்வீனஸ் மெல்ல ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

“இதை அடைச்சது யாரு?”

“நான்தான். கொத்திப் போடச் சொன்னாங்க. கொத்தியிருந்தா உங்க ராஜா பேரு இப்ப தூசி. பத்திரமா மூடி வச்சிருந்தேன். மிச்சத்தை நீங்களே சுரண்டிப் பாருங்க.” சுரண்டிக்கொண்டிருந்த எலும்பு ஊசியை அவனிடம் நீட்டினாள்.

அவன் சுரண்டினான். எழுத்து ஒன்று சேதமில்லாமல் வெளியே வந்தது. சிரித்துவிட்டான்.

“பொழைச்சுக்குவீங்கம்மா. இப்ப மூத்தவர் பேரை எடுங்க. அடைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். ஆழமா கொத்தி எடுங்க.”

தோற்றவர் பெயர் கல்லில் நிற்கக் கூடாது என்பது வழக்கம்தான். ஆனாலும் உளியை எடுத்தவள் உடனே அடிக்கவில்லை. செத்த மூத்தவருக்கும் இருபத்துச் சொச்ச வயசுதான்.

“தம்பி கடைசியா அண்ணன் முகத்தைப் பார்த்தாரா?”

“அவர் எங்கம்மா வந்தார்? வெகு தூரத்துல இருக்கார். சேதி சொல்ல ஆள் போயிருக்கு. உடம்பை நாங்க ஆத்துல வீசிட்டோம்.”

பெட்ரோனியா, மேலே இருந்த தகப்பன் பெயரில் சில்லு தெறிக்காமல் ஈரத் துணியால் மூடிவிட்டு, அண்ணன் பெயரில் உளியை வைத்து ஓங்கி அடித்தாள்.